மலையடியில் அரை மணி நேரம்

கணவரின் சைக்கிள் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். முதுகில் வேர்வை உப்பு இல்லை.

இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கிய சட்டை. முன்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு பூத்திருக்கும். வாளியில் ஊறப்போட்டால்தான் போகும். ஏழு ஞாயிறுகளாக அதைக் காணோம்.

யாரோ ஒருத்தி அலசிக் காயவைத்துக் கொடுக்கிறாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சந்தேகத்தைச் சந்தேகமாகவே விட்டுப் பழக்கமில்லை. அவர் குளிக்கப் போனதும் போனைத் திறந்தாள். அவர் போகும் பாதையையும் நேரத்தையும் அவருடைய கைக்கடிகாரம் பதிந்து போனுக்கும் சைக்கிள் கிளப்புக்கும் அனுப்பிவிடும்.

வீடு, பாலம், மலையடி, கணவாய் உச்சி. சிவப்புக் கோடு நின்றது ஒரே இடத்தில்தான். மலையடியில் ஒரு வீடு. போகும்போது பத்து நிமிடம், இறங்கி வரும்போது அரை மணி நேரம். ஏழு ஞாயிறும் அதே வீடு.

பத்து நிமிடம் முகம் பார்க்க. அரை மணி நேரம் சட்டை காய.

அன்று மாலை தங்கை போன் செய்தாள்.

“அக்கா, அத்தானுக்கு என்னதான் போடுறே? நாலு வருஷமா அந்த மலையில என் வீட்டுக்காரர்தான் முதல். இப்போ கிளப் பட்டியல்ல அத்தான் பேர் மேல நிக்குது.”

“உன் வீட்டுக்காரருக்கு வயித்தெரிச்சலா?”

“பின்னே? அம்பது வயசுல திடீர்னு இவ்வளவு வேகம் எங்கேயிருந்து வருதுன்னு கேட்டுக் கேட்டு என் உசுரை வாங்குறார்.”

எங்கேயிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் மனிதருக்கு றெக்கை முளைக்கிறது. வீட்டில் பால் தீர்ந்துபோனால் முக்குக் கடைக்குக்கூட அவர் வேகமாக நடந்ததில்லை.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு அவர் கிளம்பினார். ஏழு மணிக்கு அவள் பஸ் ஏறினாள். இருப்பதில் நல்ல உடையாகத் தேடி உடுத்தியிருந்தாள். அதற்காகத் தன் மீதே எரிச்சலாக வந்தது.

கணக்கு எளிமையானது. எட்டு மணிக்கு அவர் இன்னும் மலையிலிருந்து இறங்கியிருக்க மாட்டார். அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடலாம்.

ஆனால் அவருடைய சைக்கிள் அந்த வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. வாசலில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. தன்னுடையதைவிட இரண்டு அளவு சிறியது என்பதை நின்று பார்த்த பிறகே உள்ளே போனாள்.

கணவர் சோபாவில் படுத்திருந்தார். காலுக்குத் தலையணை. பக்கத்தில் உரித்த ஆரஞ்சு, பாதி தின்றது. இன்றைக்கு மலைகூட வேண்டாம் போலிருக்கிறது.

“ஏங்க.”

அவர் துள்ளி எழுந்தார்.

“நீ... நீ எப்படி இங்கே?”

“பஸ்ல. அவ எங்கே?”

“எவ?”

“வாசல்ல செருப்பு கிடக்கே, அந்தக் காலுக்குச் சொந்தக்காரி.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “வெளியே போயிருக்கா. நீ முதல்ல கிளம்பு. வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்.”

“என்ன வயசு?”

“முப்பது இருக்கும். ஏன்?”

ஒரு பத்து கூட்டிச் சொல்லியிருக்கலாம் இந்த மனிதர்.

“ஒரே கேள்விதான்,” என்றாள். குரல் நடுங்காமல் இருக்கப் பஸ்ஸிலேயே பழகியிருந்தாள். “அவளுக்கும் உங்களுக்கும் ஒண்ணும் இல்லைன்னா, வேற எதுக்கு வாராவாரம் இங்கே வர்றீங்க? அதைச் சொல்லுங்க. நம்புறேன். அடுத்த பஸ்ல போயிடுறேன்.”

அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது.

பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“நீ நினைக்கிறதுதான்.”

இருபத்தாறு வருடம். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அந்தச் சின்னச் செருப்புதான் கண்ணுக்குள் நின்றது.

“சரி. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.”

“ஐயோ, அங்கே மட்டும் வேண்டாம்!” அவர் குறுக்கே வந்து நின்றார். “வேற எங்கே வேணாலும் போ. யார்கிட்ட வேணாலும் சொல்லு. சகலை காதுக்கு மட்டும் போகக் கூடாது.”

“பொண்டாட்டி போறது பெரிசில்லை. சகலை சிரிப்பார்ங்கிறதுதான் பெரிசா?”

அவர் வாசலை எட்டிப் பார்த்தார்.

வெளியே பிரேக் கிறீச்சிட்டது. ஹெல்மெட் போட்ட ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. கதவோரம் நின்றவளை வந்தவள் கவனிக்கவில்லை. தன் மணிக்கட்டிலிருந்து அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

“அண்ணே, இன்னைக்கு உங்க சகலையை நாலு நிமிஷம் முந்திட்டீங்க!”