நொண்டப் பழகுதல்

சபிதாவின் கணுக்கால் சுளுக்கு முக்கால்வாசி சரியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் நீவிவிட்டால் நேராக நடந்துவிடுவாள்.

"போதும் மேடம். இதுக்கு மேல சரி பண்ணாதீங்க."

"ஏம்மா?"

"தெருக் கேமரா நடையை வெச்சுத்தானே ஆளைக் கண்டுபிடிக்குது. என் வீட்டுக்காரர் நான் நடக்குற பழைய வீடியோவைப் போலீஸ்ல குடுத்துத் தேடிட்டிருக்கார். அவர் என்னைப் படியில தள்ளிவிட்ட அன்னைக்கே ஓடிவந்துட்டேன். நொண்டுறதாலதான் இதுவரைக்கும் மாட்டல."

குதிகாலைப் பிடித்திருந்த என் கை நின்றுவிட்டது. பிசியோதெரபிஸ்ட் நான், பாதியில் விட்டால் அந்த மூட்டு கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும்.

முழுக்கக் குணப்படுத்தினேன். பிறகு கண்ணாடி முன் நிறுத்தி, வலியில்லாமல் நொண்டச் சொல்லிக்கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் யாருக்கும் இதைக் கற்றுத்தந்ததில்லை.

கடைசி நாள் செருப்பை மாட்டிக்கொண்டு, வலி போன சந்தோஷத்தில் வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

பதறிப்போய்க் கத்தினேன். "நொண்டும்மா! நொண்டு!"