எதிர்க்கட்சிச் சேனல்

கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டால் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று குரல்தான் வந்தது, ஆள் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் கோதண்டராமன் தேரடி வீதியிலிருந்த அவர்களுடைய ஆபீசுக்கே போய்விட்டார்.

“அந்தச் சேனலை ஏம்ப்பா தூக்கிட்டீங்க?”

கவுண்டரில் இருந்த முருகவேல் சிரித்தான். “போன வருஷம் கட்சி ஆளுங்களோட வந்து, ‘எல்லாம் பொய், தூக்குங்கடா’ன்னு சண்டை போட்டதே நீங்கதானே சார்? இப்பத்தான் மேல இருக்கறவங்க உங்க பேச்சைக் கேட்டுத் தூக்கியிருக்காங்க.”

“பொய்யே சொல்லட்டும்ப்பா. ராத்திரி ஏழு மணி நியூஸ் மட்டுமாவது விடச் சொல்லு.”

“அதுல அப்படி என்ன சார் இருக்கு?”

கோதண்டராமன் கவுண்டர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஆறு மாசமா அதை வாசிக்கிறது என் பொண்ணுப்பா. வேற ஜாதியில கட்டிக்கினான்னு வாசப்படி ஏறாதேன்னுட்டேன். அவ மூஞ்சிய நான் பார்க்கறதே அதுலதான்.”