சிவந்த மஞ்சள்

இந்துமதி ஆப்பசோடாவையும் சோப்புத்தூளையும் வெந்நீரில் குழைத்து, வெள்ளைச் சட்டையின் முதுகில் அவசர அவசரமாக அப்பினாள். இரண்டு மணிக்கு அவள் புருஷன் மகாராஜன் இதைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். மங்கலாக இருந்த கறை போகவில்லை. செக்கச்செவேலென்று சிவந்தது.

“ஏளா, சோடா பட்டுச் சிவந்தா அது மஞ்சள்தான்” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுச் சீனித்தாய். “கரி இறங்குத இடத்துல மஞ்சள் பூசிக்கிட்டு எவ நிக்கா?”

“அதத்தான் நானும் கேக்கேன் மதினி. மூணு நாளா இதே கறை. எவளாவது இருந்தா இன்னைக்கே விளாத்திகுளத்துக்கு, எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறிருவேன்.”

சிவப்பு விரல் விரலாகப் பிரிந்தது. ஒரு பெண்ணின் கை.

சீனித்தாயின் சிரிப்பு நின்றது. சட்டையை வாங்கி வெயிலில் விரித்து விரல்களை எண்ணினாள். நான்கு. மறுபடி எண்ணினாள். நான்கேதான்.

“பஸ் ஏறாத. அவன் மேல தப்பில்ல.”

“அப்ப இது யாரு கை?”

“உனக்கு முந்தி அவன்கூட இந்த வீட்டுல வாழ்ந்தவளுக்குச் சுண்டுவிரல் கெடையாது” என்றாள் சீனித்தாய். “பாடையில ஏத்துமுன்ன அந்தக் கைக்கு மஞ்சள் பூசிவிட்டதே நான்தான்.”