ஓட்டுக்குள் ஒரு சந்தோஷம்

பிள்ளைகளின் மனக்குறையைக் காது கொடுத்துக் கேட்கப் பள்ளிக்கூடம்தோறும் ஓர் ஆளை வைக்கச் சட்டம் வரப்போகிறது என்று காட்டில் பேச்சு அடிபட்டது. அது தேவைதானா என்று விசாரித்து வரச் சொல்லிக் கொக்கை அனுப்பியது காட்டுச் சபை.

கொக்கு வகுப்புக்குள் வந்து நின்றபோது, கடைசி வரிசையில் இருந்த ஆமைக்குட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து முளைத்தது? ஆனாலும் நெஞ்சில் கிடப்பதை யாரிடமாவது கொட்டிவிட்டால் போதும் என்றிருந்தது. மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தது.

"யாருக்காவது மனசுல கஷ்டம் இருக்கா? பயப்படாம கையைத் தூக்குங்க" என்றது கொக்கு.

பக்கத்திலேயே தலைமையாசிரியர் உடும்பு நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வால் மட்டும் தரையைப் பளார் பளாரென்று அடித்துக்கொண்டிருந்தது. கணக்குத் தப்பினால் முதுகில் விழுகிற அதே வால்.

ஆமைக்குட்டி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஒரு கைகூட எழும்பலையே! இவங்களுக்கு எதுக்குச் சட்டம்?" என்று கொக்கு நிம்மதியாகப் பறந்துபோனது.

உடும்பு வந்து ஓட்டைத் தட்டினார். "உள்ள என்னடா யோசனை?"

"ஒண்ணுமில்ல சார், சந்தோஷமா இருக்கேன்" என்றது ஓடு.