அயலுக்கு ஒரு சத்தம்

வாசலில் நின்றவன் கதவைத் தட்டவில்லை. அதுதான் அன்னலட்சுமியை முதலில் பயமுறுத்தியது.

குனிந்து பூச்சாடியின் அடியில் துழாவினான். பிறகு யன்னல் கண்ணாடியில் கையை அணைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். முகத்தைச் சுற்றிக் கம்பளித் துணி.

அவளுடைய கைப்பேசித் திரையில், அங்கே, அமெரிக்காவில் விடிந்துகொண்டிருந்தது. இங்கே திருகோணமலையில் துறைமுகத்து விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன.

அந்த வீட்டுக்குள் மகள் கீர்த்தனி, ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்து, தனியே உறங்குகிறாள். மருமகன் தனஞ்சயன் லொறியோடு தூரத்துக்குப் போனவர். ஞாயிறுதான் திரும்புவார்.

கதவுக்கு மேலே கமராவைப் பூட்டி, தாயின் கைப்பேசியிலும் தெரிய வைத்தவள் கீர்த்தனிதான். அம்மா பனி பார்க்கட்டும் என்று.

"இஞ்ச மொத்தமே மூவாயிரம் சனம், அம்மா. கள்ளன் வந்தாலும் ஆரின்ர மகன் எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்று சிரித்திருந்தாள்.

திரும்பத் திரும்ப அழைத்தும் மகள் எடுக்கவில்லை.

திரையின் அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமத்தினால் அயல் வீடுகளுக்கெல்லாம் சத்தம் போகுமாம்.

அது அன்னலட்சுமிக்கு விளங்கும். அவளுடைய ஒழுங்கையில் தெரியாதவன் எவனும் படலையடியில் நின்றால், குசினிச் சட்டியில் அகப்பையால் தட்டுவார்கள். அயல் முழுவதும் கூடிவிடும். கையில் விளக்குமாறோ உலக்கையோ இருக்கும். ஆனாலும் முதலில் கேள்விதான்: ஆர் நீங்கள், ஆரிட்ட வந்தனீங்கள்?

அமத்தினாள்.

எதிர்வீட்டுக் கிழவர் வந்தார். குடிவந்த புதிதில் கீர்த்தனிக்கு அப்பிள் கேக் கொண்டுவந்து கொடுத்த நல்ல மனிதர். கையில் நீளத் துவக்கு.

ஏதோ கத்தினார். அது கேள்வி போல இல்லை.

நின்றவன் பனியில் முழந்தாளிட்டான். விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்தான். கண்ணை நிலத்தில் பதித்தான். பழகிய வேலை ஒன்றைச் செய்வதுபோல.

அன்னலட்சுமி கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

சண்டைக் காலத்தில், கந்தளாய் றோட்டில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கும்போதெல்லாம், இந்த ஊர்ப் பொடியன்கள் இப்படித்தான் இருந்தார்கள். அந்த மூவாயிரம் பேரில் இப்படி முழந்தாளிடத் தெரிந்தவர் ஒரேயொருவர்.

சொன்ன நாளுக்கு முன்பே வந்திருக்கிறார். உறங்குகிறவளை எழுப்பக்கூடாதென்று பூச்சாடியடியில் கதவுத் திறப்பைத் தேடியிருக்கிறார்.

பேசும் பொத்தானை விரல் தேடிப் பிடித்தது. சுட வேண்டாம், அது என் மருமகன் என்று ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்கு வரவில்லை. தமிழில் கத்தினாள்.

கதவுக்கு மேலிருந்து அந்தக் குரல் எழுந்ததும் கிழவர் துவக்கைத் தோளில் அணைத்தார். முழந்தாளில் இருந்தவர் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார்.

"தம்பி, நிமிராதேங்கோ" என்றாள்.

கம்பளி சுற்றிய தலை மெல்லத் தாழ்ந்தது.

துவக்கு தாழவில்லை.