கோழி கிளறிய கையெழுத்து

மூன்றாவது தடவையாக எழுந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய், குடிக்காமலே திரும்பி வந்தார் அந்தப் பழைய பட்டாளத்துக்காரர்.

"கொஞ்ச நேரம் ஒரு இடத்துல உக்காருங்களேன்," என்றாள் மனைவி.

உட்கார்ந்தார். முழங்கால் மட்டும் அடங்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

அவளை வர வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே. ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தலைமை நர்ஸ் உடுப்போடு நேராக மேல்முறையீட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

பட்டாளத்தில் இருந்தபோதே இதயக் கோளாறு வந்துவிட்டது, ஊனமுற்றோர் பென்ஷன் வேண்டும் என்று அவர் போட்ட மனு தள்ளுபடியாகியிருந்தது. காரணம் ஒரே ஒரு தாள்.

மலை முகாமில் எடுத்த இ.சி.ஜி. அறிக்கை. அன்றைக்கு டாக்டர் இல்லை. 'இதயம் சீராக உள்ளது' என்று எழுதி, அடியில் கோழி கிளறியதுபோல் ஒரு கையெழுத்து.

அந்த ஆளைக் கண்டுபிடித்தால் ஜெயித்துவிடலாம் என்று வக்கீல் ஆறு மாதமாகக் கெஞ்சினார். யாரென்றே ஞாபகமில்லை என்று இவர் ஒரே பிடியாக நின்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

நடுவில் இருந்தவர் தாளைத் தூக்கிக் காட்டி, வலி இருந்தது என்கிறீர்களே, பிறகு இது எப்படி வந்தது என்று கேட்டார்.



அன்றைக்கு, விடிந்தால் தன் பிரிவுப் பையன்கள் பதினொரு பேர் மலைக் காவலுக்கு மேலே ஏறப் போகிறார்கள், என்னைக் கீழே அனுப்பிவிடாதே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியதைச் சொல்லிவிடலாம். யாரிடம் கெஞ்சினீர்கள் என்றுதானே அடுத்துக் கேட்பார்கள்?

தெரியவில்லை என்றார்.

வேறு சாட்சி இல்லையென்றால் முடித்துக்கொள்ளலாம் என்று நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்தார்.

பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வேலை போய்விடும், இத்தனை வருஷத்து நல்ல பெயர் போய்விடும், வேண்டாம்.

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அதை எழுதினது நாந்தாங்க. அப்ப நான் அந்த முகாம்ல நர்ஸ். எங்களுக்குக் கல்யாணம் ஆகல."