தரிசு இல்லை

மதகு திறக்கவில்லை, வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஆனாலும் கருப்பண்ணன் பர்மாவின் கியாக்தான் ஊரில் இருந்த தன் வயலில் விதைத்துக்கொண்டிருந்தார்.

சாலையில் ஜீப்பை நிறுத்திய நில அதிகாரி அங்கிருந்தே கேட்டார். "தண்ணி இல்லாம எதுக்கு விதைக்கிறீங்க?"

"விதைக்காட்டி தரிசுன்னு சொல்லிக் கம்பெனிக்குக் குடுத்துருவீங்களே, சயா! மதகைத் திறக்கச் சொல்லுங்க" என்றார், ஐயாவுக்குப் பர்மியச் சொல்லைப் போட்டு.

"தண்ணி வேற ஆபீஸ். எனக்கு நிலம் மட்டுந்தான். சரி, உங்க வயல் தரிசு இல்ல."

ஜீப் போனதும் மனைவி பவானி ஓடி வந்தாள். "நம்பிட்டாரா?"

"நம்பிட்டாரு புள்ள."

அவள் அவருடைய விதைக்கூடைக்குள் பார்த்தாள். அடியில் கொஞ்சம் உமி கிடந்தது. விதை நெல்லைப் போன மாதமே பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டாயிற்று. காலையிலிருந்து அவர் விதைத்ததெல்லாம் உமிதான்.

மின்கம்பியில் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட வயலில் இறங்கவில்லை.

"அதுங்க நம்பலைங்க" என்றாள் பவானி.